இரண்டு புத்தகம் ஒத்துவந்தால் சரி

என் அக்காவின் கணவர், அத்தான் துரைசிங்கத்தோடு வாதாடி ஜெயித்தவர்கள் எங்கள் குடும்பத்தில் யாரும் இல்லை. நான் நாற்பத்திரண்டு வருடமாக முயன்று தோற்றவள். மனிதர் சத்தம் போட மாட்டார், மேசையைத் தட்ட மாட்டார். "எங்கை எழுதியிருக்கு?" என்பார். எடுத்துக் காட்டினால், "சரி, வேறை எங்கை?" என்பார். இரண்டாவது இடத்தைக் காட்ட முடியாவிட்டால் பேச்சு அத்தோடு முடிந்தது.

இந்தக் குணம் தோட்டத்தில் பிடித்தது. லாபு பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் அவர் முப்பத்தாறு வருடம் கிராணி, கணக்கு எழுதுகிற வேலை. காலையில் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவார், மழைத் தண்ணீரை அளந்து எழுதுவார், பதினொரு மணிக்குப் பால் கொட்டகையில் போய் நிற்பார். மரம் சீவும் வெட்டுக்காரர்கள் பால் வாளியைத் தராசில் வைக்கும்போது இந்தப் பக்கம் கிராணி, அந்தப் பக்கம் வேலையை மேற்பார்க்கும் மண்டோர். இரண்டு பேரும் முள்ளைத் தாங்களே பார்த்து அவரவர் புத்தகத்தில் எழுத வேண்டும். ஒருவரை ஒருவர் கேட்கக் கூடாது. சாயந்திரம் இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். ஒத்துவந்தால் அன்றைய எடை சரி. அத்தானும் சந்திரன் மண்டோரும் பதினெட்டு வருடம் இப்படி எழுதினார்கள். ஒரு நாள்கூட ஒரு கிலோ முன்னே பின்னே போனதில்லையாம். இதை அவர் சொல்லி நான் கேட்டது நூறு தடவை இருக்கும். என் அக்கா கேட்டது ஆயிரம் தடவை.

ரப்பர் போய் எண்ணெய் எடுக்கிற செம்பனை வந்து, அத்தானும் ஓய்வு பெற்று, தோட்டத்து ஓரத்தில் எழும்பிய புதுத் தாமான் குடியிருப்பில் ஒரு வீடு வாங்கிக்கொண்டு அக்காவோடு இருந்தார். மகள் தர்மினி கோலாலம்பூரில். நான் மந்தினில். மழைமானி இல்லை, தராசு இல்லை. கை சும்மா இருக்க முடியாத மனிதர், மகள் வாங்கிக் கொடுத்த போனில் இணையத்துக்குள் போய் விழுந்தார்.

அதிலும் கிராணி வேலைதான். அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்ட பிறகு ஒரு நீல அட்டைக் கொப்பி போட்டார். கோடு கிழித்து ஐந்து கட்டம். தளத்தின் பேர், யார் எழுதியது, எழுதிய தேதி, பார்த்த நேரம், குறிப்பு. குறிப்பில் இரண்டே வார்த்தைதான் வரும். 'ஒத்துவருகிறது', அல்லது 'ஒத்துவரவில்லை'. மருந்தா, கீரையா, தண்ணீர் எத்தனை குவளை குடிக்கலாம் என்பதா, எதுவாக இருந்தாலும் இரண்டு இடத்தில் பார்த்து எழுதாமல் அக்காவை வாயில் போட விடமாட்டார். எழுதும்போது எண்ணை வாய்க்குள் முணுமுணுப்பார். அந்தப் பழக்கமும் தோட்டத்திலிருந்து வந்ததுதான்.

நான் அப்படி இல்லை. அரசாங்க ஆபீசில் முப்பது வருடம் மற்றவர்கள் எழுதியதை டைப் அடித்தவள். எனக்கு வந்ததை நான் அனுப்பிவிடுவேன். காலை ஐந்து, மதியம் ஐந்து என்று வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் போட்டுக்கொண்டே இருப்பேன். "கேக்கிறவன் கேனையன் எண்டால் கேப்பையிலை நெய் வடியுதாம்," என்று அத்தான் என்னைக் கிண்டல் பண்ணுவார். அக்கா சிரிப்பாள். எனக்குக் கோபம் வரும். ஆனாலும் அனுப்புவதை நிறுத்தியதில்லை.

போன வருடம் ஆனியில் அக்கா சரோஜினிதேவி சிரம்பான் ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். அத்தான் பக்கத்தில் இருந்தார். நான் மந்தினில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சோறு கட்டிக்கொண்டிருந்தேன். அந்தச் சோற்றை நான் இன்னும் மறக்கவில்லை.

இப்போது ஆட்டைத் திவசம். முதல் வருடத் திவசம் என்பதால் பிழை வரக் கூடாது. எங்கள் ஆட்களுக்குத் திவசம் ஆங்கிலத் தேதியில் வராது. உயிர் போன நேரத்தில் எந்தத் திதியோ, வருடா வருடம் அந்தத் திதிக்குத்தான் படைக்க வேண்டும். நாள் தவறினால் படைத்தது போய்ச் சேராது. சாவு வீட்டுக்கு வந்த குருக்கள் யாழ்ப்பாணம் திரும்பிவிட்டார். புதுக் குருக்களிடம் போன வருடப் பஞ்சாங்கம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் போனில் சொன்னதை நானும் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"அண்டைக்குத் திதி எப்ப மாறினது எண்டு இணையத்திலை பாத்துச் சொல்லுங்கோ. நாளைக்கு நாலு மணிக்கு எடுக்கிறன். சரியான நேரம் தெரியாட்டி யோசிக்க வேண்டாம், அந்த மாதத்து அமாவாசைக்குச் செய்யலாம். ஆரும் பக்கத்திலை இல்லாமல் போனவைக்கு அப்பிடித்தான் செய்யிறது."

அத்தானுக்கு முகம் சுருங்கிவிட்டது. "அமாவாசை எங்களுக்கு என்னத்துக்கு ஐயா? நான் பக்கத்திலை இருந்தனான்," என்றார்.

திங்கட்கிழமை காலை நான் காரை எடுத்துக்கொண்டு லாபுவுக்குப் போனபோது அவர் வேலையை முடித்து வைத்திருந்தார். நீலக் கொப்பியில் இரண்டு தளம். இரண்டிலும் அக்கா போன அன்று பகல் பதினொன்று முப்பத்தைந்துக்குச் சஷ்டி முடிந்து சப்தமி தொடங்கியது என்று இருந்தது. இரண்டுக்கும் நேரே 'ஒத்துவருகிறது'. மரணப் பத்திரத்தில் அக்கா போன நேரம் இரண்டு இருபது. ஆகவே சப்தமி. ஆகவே இந்த வருடச் சப்தமி வரும் வெள்ளிக்கிழமை.

"நல்லதாப் போச்சு," என்று நான் காய்கறிக்குப் பட்டியல் போட உட்கார்ந்தேன். உட்கார்ந்தவள் சும்மா இருந்திருக்கலாம். எனக்கும் ஒரு போன் இருக்கிறதே என்று நானும் ஒரு தளத்தைத் திறந்தேன். அது முதலில் எந்த ஊர் என்று கேட்டது. பட்டியலில் சிரம்பான் இருந்ததைப் பார்த்து எனக்கு ஒரே புளுகம், அவ்வளவு சந்தோஷம். நம் ஊரையும் ஒருவன் சேர்த்திருக்கிறானே என்று அமுக்கினேன். திதி மாறியது பகல் இரண்டு ஐந்துக்கு என்று வந்தது.

"அத்தான், இதிலை ரெண்டு அஞ்சு எண்டு கிடக்கு," என்று போனை நீட்டினேன்.

அவர் வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இது பிழை," என்றார்.

"ஏன் பிழை?"

"இது ஒண்டு தனிய நிக்குது. மற்றது ரெண்டும் ஒத்துவருது."

"சரி, பிழை எண்டே வைப்பம். பதினொண்டு முப்பத்தஞ்சு எண்டாலும் ரெண்டு அஞ்சு எண்டாலும் அக்கா போனது ரெண்டு இருபது. எப்பிடிப் பாத்தாலும் சப்தமிதானே? பிறகு என்னத்துக்கு இந்தச் சண்டை?"

அவர் என் போனை என் பக்கம் தள்ளிவிட்டு, தன் இரண்டு தளத்தையும் மாறி மாறித் திறந்துகொண்டே இருந்தார். பதினொன்று முப்பத்தைந்து, பதினொன்று முப்பத்தைந்து என்று வாய் முணுமுணுத்தது. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. விடை ஒன்றுதான், வழி இரண்டாக இருந்தால் இவருக்கு என்ன? பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிற ஆள்தான். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். வேண்டாம் என்றார்.

இரண்டு மணிக்குச் சந்திரன் வந்தான். பழைய மண்டோர், இன்னும் தோட்டத்து லைன் வீட்டில்தான் இருக்கிறான். மோட்டார் கூடையில் மூன்று டுரியான் பழம்.

"பழம் எறங்குது ஐயா, அதான் கொண்டாந்தேன். அம்மாவுக்குப் புடிக்குமே. படைக்கலாமில்ல?" என்று வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தான்.

அத்தானுக்குச் சாட்சி கிடைத்துவிட்டது. "வா சந்திரன், இதிலை இரு. நீயே சொல்லு. ரெண்டு இடத்திலை ஒண்டா எழுதியிருக்கு. மூண்டாவது ஒண்டு வந்து வேறை மாதிரிச் சொல்லுது. எதை நம்புறது? எங்கடை ரெண்டு புத்தகமும் பதினெட்டு வருசம் ஒத்துவந்ததே, நாங்கள் மூண்டாவது ஆளைக் கேட்டமோ?"

சந்திரன் என்னைப் பார்த்தான். தலையைச் சொறிந்தான். சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாத சிரிப்பு ஒன்று வந்து நின்றது.

"ஐயா, கோவப்படக் கூடாது. இனிமே என்னா பண்ணப் போறீங்க, சொல்லிடுறேன் லா. எனக்கு அப்பவே கண்ணு மங்கல். முள்ளு எங்க நிக்குதுன்னே தெரியாது. கண்ணாடி போட்டா தொர என்னோட மண்டோர் வேலைய எடுத்துருவாருன்னு பயம். நீங்க எழுதுறப்ப நம்பர வாய்க்குள்ள சொல்லிக்கிட்டே எழுதுவீங்க. நான் அதக் கேட்டு எழுதுவேன்."

அத்தான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினெட்டு வருசமுமோ?"

"கடைசி ரெண்டு வருசம் கண்ணாடி போட்டுட்டேன் ஐயா. ஆனா பழகிப்போச்சு."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்க முடியாமல் அடுப்படிக்குள் ஓடினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அக்கா இருந்திருந்தால் நாற்காலியில் இருந்து விழுந்திருப்பாள். நான் தேத்தண்ணீரோடு திரும்பி வந்தபோது சந்திரன் நெளிந்துகொண்டிருந்தான். அத்தான் அவன்மேல் கோபப்படவில்லை. "நான் பிழையாச் சொல்லியிருந்தால் நீயும் பிழையாத்தான் எழுதியிருப்பாய்," என்று மட்டும் சொன்னார். சந்திரன் தேத்தண்ணீரைச் சூட்டோடு குடித்துவிட்டு மோட்டாரை எடுத்துக்கொண்டு போனான்.

அவன் போனதும் அத்தான் அந்த இரண்டு தளத்தையும் மறுபடி திறந்தார். இந்தத் தடவை வேறு விதமாகப் பார்த்தார். ஒத்துவருகிறதா என்று பார்க்கவில்லை. ஒன்றைப் பார்த்து மற்றது எழுதியதா என்று பார்த்தார். மாதப் பக்கத்தை வரி வரியாக இறங்கினார். ஒன்றில் பதினேழாம் தேதி பிழையாக இரண்டு தடவை போட்டிருந்தது. மற்றதிலும் பதினேழாம் தேதி இரண்டு தடவை.

"மண்டோர்," என்றார் மெதுவாக.

பக்கத்தின் அடியில், எறும்பு மாதிரி எழுத்தில் ஒரு வரி கிடந்தது. தன் கண்ணுக்குப் பிடிபடவில்லை என்று என்னைப் படிக்கச் சொன்னார். 'எல்லா நேரமும் சென்னைக்குக் கணிக்கப்பட்டவை.' சென்னைக்கும் நமக்கும் இரண்டரை மணி நேரம் வித்தியாசம். அங்கே பதினொன்று முப்பத்தைந்து என்றால் இங்கே இரண்டு ஐந்து. நான் காட்டிய தளம்தான் சரி.

வாழ்க்கையில் முதல் தடவையாக அத்தானை ஜெயித்துவிட்டேன். வாயெல்லாம் பல்லாக, "பாத்தீங்களோ? எல்லாம் தெளிஞ்சு போச்சு. ரெண்டு அஞ்சுக்குச் சப்தமி பிறந்தது, அக்கா போனது ரெண்டு இருபது. வெள்ளிக்கிழமை. இனிச் சாப்பிடுங்கோ லா," என்றேன்.

"தெளியேல்லை ரஜனி. இப்பதான் எனக்கு ஒண்டும் தெரியாமல் போச்சு," என்றார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. காலையிலிருந்து இந்தக் கூத்து. என் அக்காவின் திவசத்தை வைத்து இவர் கணக்குப் பரீட்சை எழுதுகிறாரா என்று ஆத்திரம் வந்தது. "குடுங்கோ அந்தக் கொப்பியை, நான் எழுதி முடிக்கிறன்," என்று பிடுங்கினேன். பிடுங்கிய வேகத்தில் கொப்பி பின்னால் புரண்டு, போன வருடப் பக்கம் ஒன்றில் திறந்தது. அக்கா போன தேதி.

அந்தப் பக்கத்தில் ஏழு வரி இருந்தது. ஏழும் அக்கா அப்போது எடுத்துக்கொண்டிருந்த புது மருந்தைப் பற்றி. பார்த்த நேரம் என்ற கட்டத்தில் ஒன்று நாற்பத்துநாலு, ஒன்று நாற்பத்தொன்பது, ஒன்று ஐம்பத்துமூன்று என்று இறங்கி, கடைசி வரியில் இரண்டு பதின்மூன்று. எழுத்து ஒரே சீராக, அழகாக இருந்தது. கடைசிக் குறிப்பு 'ஒத்துவருகிறது'.

நான் அந்த நேரங்களை இரண்டு தடவை படித்தேன். "அத்தான், இது அக்கா போன நேரமெல்லோ?" என்றேன்.

அவர் சன்னலுக்கு வெளியே செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டு பேசினார். "ஒண்டே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னாலை, தலகாணியை உயத்தி வை எண்டு கேட்டா. வைச்சன். கண்ணை மூடினா. நித்திரை எண்டு நினைச்சன். அந்த மருந்து சிறுநீரகத்தைத் திண்டிடும் எண்டு ஒண்டு வந்திருந்தது. உண்மையோ எண்டு தேடினன். ஒண்டு ஓம் எண்டுது, ஒண்டு இல்லை எண்டுது. ஒவ்வொண்டாப் பாத்தன். கடைசியா ரெண்டு நல்ல இடத்திலை, மருந்திலை பிழை இல்லை எண்டு இருந்தது. 'சரோ, பயப்பிடாதை, அது பொய்' எண்டு சொல்ல நிமிந்தன்."

மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, "நேர்ஸைக் கூப்பிட்டன். டொக்டர் வந்து பாத்து எழுதின நேரம்தான் ரெண்டு இருபது. அது போன நேரம் இல்லை. ரெண்டு அஞ்சுக்கு முன்னம் எண்டால் சஷ்டி, பின்னம் எண்டால் சப்தமி, முன்னமோ பின்னமோ எனக்குத் தெரியாது. ஒரு முழம் தூரத்திலை இருந்தனான்," என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பதினொன்று முப்பத்தைந்து என்றால் அக்கா எப்போது போயிருந்தாலும் சப்தமி. யாரும் அவரை ஒன்றும் கேட்கத் தேவையில்லை. அதனால்தான் அந்த இரண்டு தளத்தையும் அப்படிக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். அடிவரியைப் படிக்காமல் விடுகிற ஆளா அவர்? இதை மட்டும் படிக்காமல் விட்டிருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. பெருங்கோபம். உன் கண்முன்னால் போய்க்கொண்டிருந்தாளே, கொப்பியில் கோடா கிழித்துக்கொண்டிருந்தாய் என்று கேட்க வாயைத் திறந்தேன். திறந்த வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. என் கண் முதல் வரியில் இருந்தது. மற்ற ஆறு வரியிலும் எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. முதல் வரியில் மட்டும், தளத்தின் பேருக்குக் கீழே 'வாட்ஸ்அப்பில் வந்தது' என்று எழுதி, யார் எழுதியது என்ற கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தார். தெரியாது என்றுகூட எழுதவில்லை. முப்பத்தாறு வருடக் கிராணி, ஒரு கட்டத்தைச் சும்மா விட்டிருந்தார்.

என் போனை எடுத்துக் குடும்பக் குழுவில் போன வருடத்துக்குப் போனேன். நேரம் பிடித்தது, அவ்வளவு அனுப்பியிருக்கிறேன். அந்தத் தேதி வந்தது. ஒன்று முப்பத்தொன்று. 'உங்கள் வீட்டில் யாராவது இந்த மருந்து எடுக்கிறார்களா? உடனே நிறுத்துங்கள்.' கீழே ஒரு இணைப்பு. அனுப்பியது நான். சோறு கட்டிக்கொண்டிருந்த கையால் அனுப்பியிருக்கிறேன். நானே அதைத் திறந்து பார்க்கவில்லை.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"சொல்லி என்ன? நீ நல்லதுக்குத்தானே அனுப்பினாய்," என்றார்.

நான் அழுதேன். நன்றாக அழுதேன், வெட்கமில்லாமல். அவர் டுரியான் மூன்றையும் எடுத்து வெயில் படாத மூலையில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

நாலு மணிக்குப் போன் அடித்தது. அத்தான் சத்தத்தை வெளியே கேட்கும்படி வைத்தார்.

"என்ன மாதிரி, திதி கிடைச்சுதோ?" என்றார் குருக்கள்.

"கிடைச்சுது ஐயா. திதி மாறின நேரம் தெரியும். மனிசி போன நேரம்தான் தெரியாது. அமாவாசைக்கே போடுங்கோ."

"நீங்கள் பக்கத்திலை இருந்தனீங்கள் எண்டெல்லோ நேற்றுச் சொன்னீங்கள்?"

அத்தான் என்னைப் பார்த்தார்.

"இருந்தனான் ஐயா," என்றார். "பாக்கேல்லை."

குருக்கள் அமாவாசை காலை எட்டு மணி என்று சொல்லிப் போனை வைத்தார்.

கொப்பி என் மடியில் திறந்தபடியே இருந்தது. அத்தானின் பென்சிலை எடுத்தேன். முதல் வரியில் அந்த வெறும் கட்டத்தில் 'ரஜனி' என்று எழுதினேன். அவர் தடுக்கவில்லை. எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"அனுப்பின நேரத்தையும் போடு," என்றார்.

ஒன்று முப்பத்தொன்று என்று போட்டேன்.